பந்தயம் முடியும்வரை

அன்று காலை உன்னிடம் நான் கேட்காமல் விட்டது ஒரே கேள்வி. ‘ரிப்போர்ட் வந்துடுச்சுல்ல, அண்ணா?’ நாக்கு நுனிவரை வந்தது. அம்மா காபியோடு நின்றிருந்தாள். டிவி திரையில் ஒருவன் சைக்கிளில் மலையேறிக்கொண்டிருந்தான். நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன்.

இதை இன்று எழுதக் காரணம் டிவிக்குக் கீழே இருக்கும் கறுப்புப் பெட்டி. செட்டாப் பாக்ஸை மாற்ற ஆள் வந்திருந்தார். பழையதை ஓடவிட்டுப் பார்த்தவர் என் பக்கம் திரும்பினார்.

“இன்னாக்கா, இத்தப் போய் இன்னும் வெச்சினு கீறீங்க? மெமரி ஃபுல்லா சைக்கிள் ரேஸா கீது. யாரு பாக்குறது இதெல்லாம்?”

“எங்கண்ணன்.”

“அவராண்ட ஒரு வார்த்த கேட்டுக்கோங்க. புது பாக்ஸ்ல இது எதுவும் வராது. அப்பால என்னைத்தான் திட்டுவாரு.”

நாளை வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு உட்கார்ந்து அந்த மலைக் கட்டத்தைப் போட்டேன்.

ஐரோப்பாவில் மூன்று வாரம் நடக்கும் பந்தயம். தினம் ஒரு கட்டம். எல்லா நாள்களின் நேரத்தையும் கூட்டினால் யார் குறைவோ, அவனுக்கு மஞ்சள் சட்டை. நேரலையில் பார்க்க நம் இருவருக்கும் வாய்க்காது. நான் நாவலூரிலிருந்து ஆபீஸ் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பேன். நீ தாம்பரத்தில் ரயிலைவிட்டு இறங்கியிருக்க மாட்டாய். அதனால் பதிவு செய்து, மறுநாள் விடிந்ததும் பார்ப்போம். அதுவரை யாரும் முடிவைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அம்மாகூட அதற்குக் கட்டுப்பட்டாள். பேப்பர் வந்ததும் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் உருவி, மடித்து, தன் பைபிளுக்கு அடியில் வைத்துவிடுவாள். அங்கே கைவைக்க உனக்குத் துணிச்சல் வராது என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் எனக்கு உன்மேல் சந்தேகம் இருந்தது. நீ சொன்னவன்தான் பெரும்பாலும் ஜெயித்தான். “இவன் இன்னும் ரெண்டு வளைவுல உக்காந்துடுவான் பாரு” என்பாய். இரண்டாவது வளைவில் அவன் துவண்டு பின்தங்கிவிடுவான். பாத்ரூமுக்குப் போனை எடுத்துக்கொண்டு போனாயா என்று கவனிக்க ஆரம்பித்தேன்.

“நீ ராத்திரியே பாத்துடற.”

“லூசு. சும்மா கால மட்டும் பாக்காத, தோளைப் பாரு. ஆடுதா?”

“எனக்கென்னமோ நம்பிக்கையில்ல.”

“நம்பாத. இந்த வெளையாட்டுல எவனையும் நம்பக் கூடாது.”

அதை நீ சும்மா சொல்லவில்லை. ஊக்கமருந்து எடுத்தார்கள் என்று ஜெயித்தவர்களின் பெயர்களைப் பல வருடம் கழித்து அடித்துவிட்ட பந்தயம் அது. மலையுச்சியில் ஒருவன் வாயை மூடிக்கொண்டு, மூச்சு வாங்காமல் ஏறினால் உனக்குக் கை தட்ட வராது. “என்னத்தப் போட்டுகிட்டு வந்தானோ” என்பாய். நானும் அப்படியே பார்க்கப் பழகினேன். பிறகு அது பந்தயத்தோடு நிற்கவில்லை.

அந்த வருடம் உன் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. சதையில் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டை நீயே போய் வாங்கிக்கொள்வதாகச் சொன்னாய். அம்மா கேட்கும்போதெல்லாம் இன்னும் வரவில்லை என்றாய். ஞாயிறு காலைகளில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம்வரை சைக்கிளில் போய், தண்ணீரில் நிற்கும் பறவைகளைப் படமெடுத்து அனுப்புகிறவன், இரண்டு ஞாயிறாகப் போகவில்லை. டயர் பஞ்சர் என்றாய். நான் கீழே போய் அழுத்திப் பார்த்தேன். இரண்டு டயரும் கல்போல இருந்தன. மேலே வந்து உன்னிடம் எதுவும் சொல்லவில்லை.

அந்தப் பெரிய மலைக் கட்டத்தின் முடிவு எனக்கு முதல்நாளே தெரிந்துவிட்டது. அன்று வேலை முடியத் தாமதமாகி பஸ்ஸை விட்டுவிட்டேன்; ஆபீஸ் கேன்டீன் டிவியில் ஓடியது. கண்ணை மூடிக்கொள்வதற்குள் பார்த்துவிட்டேன். வெள்ளைச் சட்டை போட்ட இளைஞன் கடைசி ஏற்றத்தில் துவண்டுபோய், மஞ்சள் சட்டைக்காரன் தனியாகப் போயிருந்தான். வீட்டுச் சட்டப்படி இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உன்னைச் சோதிக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது என்று தோன்றியது.

மறுநாள் காலை, ஏற்றம் தொடங்கும் இடத்தில் நிறுத்திக் கேட்டேன். “யாரு?”

“வெள்ளச் சட்டை. சந்தேகமே இல்ல. மஞ்சள் முடிஞ்சான். எழுதி வச்சுக்கோ.”

எனக்கு அவ்வளவு சந்தோஷம். நீ பார்க்கவில்லை. இத்தனை வருடமும் பார்த்திருக்கவில்லை. நீ முழு மனதோடு தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். வெள்ளைச் சட்டைக்காரனின் தோள் ஆடத் தொடங்கியபோது உன் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கத் திரும்பினேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

“நீ பாத்துட்ட.”

“இல்லையே.”

“புளுகாத. முடிவு தெரிஞ்சவங்களுக்குப் பந்தயத்துல கண்ணு நிக்காதுடி. பக்கத்துல இருக்கறவன் மூஞ்சியவே பாத்துகிட்டு இருப்பாங்க. ஏறுனதுலேருந்து என் மூஞ்சியத்தான் பாக்கற.”

நான் சிரித்துவிட்டேன். கேன்டீன் கதையைச் சொன்னேன். “திருட்டுக் கழுத, இதுல என்மேல சந்தேகம் வேற” என்று தலையணையை எறிந்தாய். அப்போதுதான் அம்மா காபி கொண்டு வந்தாள்.

“ரிப்போர்ட் என்னாச்சுப்பா? வந்துட்டா டிசம்பர்ல பாளையங்கோட்டைக்குப் போய் அந்தப் பொண்ணப் பாத்துட்டு வந்துடலாம். கிறிஸ்மஸுக்கு முன்னாடி ஒரு வார்த்த பேசி முடிச்சுடலாம்.”

“இன்னும் வரலம்மா. அடுத்த வாரம்னாங்க.”

“பொண்ணு டீச்சர். உன் சைக்கிளையெல்லாம் ஹால்ல நிறுத்த விடமாட்டா, சொல்லிட்டேன்.”

“அப்ப வேணாம்.”

அம்மா சிரித்தாள். நீயும் சிரித்தாய். ஆனால் திரையில் மலையுச்சி நெருங்கிக்கொண்டிருக்க, நீ பார்க்கவில்லை. காபியையும் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் பாளையங்கோட்டை என்றபோது, டீச்சர் என்றபோது, சிரித்தபோது. அப்புறம் என் பக்கம் திரும்பினாய். நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாய்.

ஒரு நிமிடம் முன்பு நீ சொன்னதை நீயே மறந்திருக்க மாட்டாய். நான் மறக்கவில்லை என்பதும் உனக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கேள்வி என் வாயில் இருந்தது. நீ மெதுவாக, “மிச்சத்தையும் பாத்துடலாம்” என்றாய்.

பார்த்தோம்.

இன்று மறுபடி ஓடவிட்டபோது, நான் வேறொன்றைக் கவனித்தேன். வெள்ளைச் சட்டைக்காரன் துவண்டது கடைசி ஏற்றத்தில்தான் என்று அன்று நினைத்தோம். அது சரியில்லை. முடிவு தெரிந்து பார்த்தால் அதற்கு முந்தைய மலையிலேயே தெரிகிறது. தண்ணீர் பாட்டிலை வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொள்கிறான். முன்னால் போகிறவனின் சக்கரத்தைத் தவிர எதையும் பார்ப்பதில்லை. கேமரா பக்கத்தில் வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்கிறான். அவன் அணியின் மூத்த வீரன் ஒருவன் பின்னாலேயே வருகிறான். அந்த மூத்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. முந்திப் போய் எதுவும் கேட்கவில்லை. கூடவே வருகிறான், அவ்வளவுதான்.

உன் அந்த வாரங்களையும் இப்படித்தான் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கிறேன். காஸ் புக் செய்ய அம்மாவுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாய். அதுவரை நீதான் செய்வாய். உன் நல்ல ஹெல்மெட்டை எனக்குப் போட்டுப் பார்த்து, வாரை என் தாடைக்கு ஏற்றபடி இறுக்கினாய். “எதுக்கு?” என்றேன். “பெருசா போச்சு எனக்கு” என்றாய். தலை எங்காவது சிறுக்குமா?

உன்னிடமிருந்து என்னிடம் தங்கிவிட்டது அந்தப் பார்வைதான். ஆபீஸில் நல்ல செய்தி அறிவிக்கும்போது, நான் அறிவிக்கிறவரைப் பார்ப்பதில்லை. யார் அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் அம்மாவின் கண் பரிசோதனைக்குப் போனாலும் அதே கதை. சிநேகிதிகள் என்னை எதையும் நம்பாதவள் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஒருவர் மறைக்கிறார் என்று தெரிந்ததும் அவரை உலுக்கிக் கேட்கவும் எனக்கு வருவதில்லை.

நாளை அந்த ஆள் வருவார். பெட்டியைக் கொடுத்துவிடுவேன்.

அன்றைக்குப் பிறகு பந்தயம் இன்னும் சில நாள் நடந்தது. தினமும் காலையில் சேர்ந்து பார்த்தோம். கடைசிக் கட்டத்தைத் திங்கட்கிழமை காலை பார்த்து முடித்தோம். மஞ்சள் சட்டைக்காரன் மேடையேறிக் கையசைத்தான். நீ டிவியை அணைத்தாய். சமையலறைக்குப் போய் அம்மாவை உட்காரச் சொன்னாய். ரிப்போர்ட் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது என்று சொன்னாய். அடுத்த வருடம் பந்தயம் தொடங்குவதற்கு முன்பே இறந்துபோனாய்.