மங்களம் வரைக்கும் ஒரு கச்சேரி

பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கு வந்த நாயனக்காரர் இன்று காலை சீவாளியை வாயில் வைத்து ‘பீ’ என்று ஒரு ஊது ஊதிப் பார்த்தார். அவ்வளவுதான், காபியை அப்படியே வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடி இந்த ஆடியோடு மூன்று வருஷம். அந்தச் சத்தத்துக்கு அது எங்கே தெரிகிறது?

நாம் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், என்ன ஒரு வருஷம் அப்பா அது! நெய்வேலியில் பிளாக் பிளாக்காகக் குவார்ட்டர்ஸ் எழும்பிக்கொண்டிருந்த காலம். எந்த ஜில்லாக்காரன் வந்தாலும் அவன் ஊர்ப் பாட்டையும் கூட்டிக்கொண்டு வந்தான். எங்கள் திருநெல்வேலி ஆட்கள் வில்லுப்பாட்டு வைத்தார்கள், கோயம்புத்தூர்க்காரர்கள் மெல்லிசை வைத்தார்கள், குறிஞ்சிப்பாடித் திருவிழாவில் நாயனம். நாம் ஒன்றையும் விடவில்லை. பெல்ட்டில் நிலக்கரி ஓடும் இரைச்சலுக்குள்ளேயே நீ தாளம் போடுவாய், நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

ஆனால் ஒன்றைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. காலையில் கச்சேரி வைக்கிற நாளெல்லாம் நமக்கு மத்தியான ஷிஃப்ட்டே வந்து வாய்த்தது. சுரங்கத்துச் சங்கு ஊதினால் பாதிப் பந்தல் எழுந்து ஓடும், நாமும் ஓடுவோம். ஒரு நாள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே சொன்னாய்:

“எங்க ஊர்ல நாயனம்னா நாங்க தூரமா வரப்புல நின்னுகினுதான் கேக்கணும், திருநெல்வேலி. எங்கப்பன் அப்டியே கேட்டுகினு செத்தும் பூட்டாரு. முன்னாடி உக்காந்து மங்களம் வரைக்கும் ஒருவாட்டி கேட்டுடணும்யா.”

என் ஊரை வைத்தேதான் என்னைக் கூப்பிடுவாய்.

பொங்கலுக்கு மறுநாள் நம் பிளாக் மைதானத்தில் நாயனக் கச்சேரி. சூப்பர்வைசரை நாலு நாள் நச்சரித்து இரண்டு பேருக்கும் லீவு வாங்கினேன். முதல் வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தாய். வித்வான் ராகத்தை வளர்த்து உச்சிக்குப் போகிற நேரம் பார்த்து ஊதியதே சங்கு! பந்தல் எழுந்தது. லீவு போட்ட நீயும் எழுந்து நாலடி ஓடிவிட்டாய், படுபாவி. வித்வான் வாத்தியத்தை இறக்கினார். தன் வாசிப்புப் பிடிக்காமல்தான் ஜனம் போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, முகம் சுண்டிப்போயிற்று. வாத்திய உறையை எடுத்துவரச் சொல்லிவிட்டார். நீ திரும்பி வந்து மேடைக்கு நேரே நின்றாய்.

“ஐயா, கோச்சிக்காதீங்க. சங்கு ஊதுனா எங்க காலு தானா எழுந்துக்குது. அவங்கல்லாம் வேலைக்குப் போறாங்க. நான் லீவு போட்டுகினு வந்திருக்கேங்க. எனக்கு வாசிங்க.”

வித்வான் சிரித்துவிட்டார். “உக்காருங்க” என்றார். அந்த ‘ங்க’வைக் கேட்டு நீ உட்கார்ந்த அழகு இருக்கிறதே! விட்ட இடத்திலிருந்து எடுத்து அப்படி வாசித்தார் மனுஷர். மங்களம் முடிந்து, தவில் ஓய்ந்து, எல்லோரும் போன பிறகும் நீ எழவில்லை. கச்சேரி இப்படித்தான் முடியுமா என்று மட்டும் கேட்டாய். உன் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

இப்போதெல்லாம் சபாவில் மங்களம் தொடங்கியதுமே செருப்பைத் தேடிக் கிளம்புகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முன்பின் தெரியாதவராக இருந்தாலும் கையைப் பிடித்து நிறுத்திவிடுகிறேன். இதைக் கேட்க ஒருத்தன் ஒரு வருஷம் காத்துக்கிடந்தான், உட்காருங்கள் என்கிறேன். முறைத்துக்கொண்டேதான், ஆனால் உட்கார்ந்துவிடுகிறார்கள்.