வீராயி எந்தச் சங்கத்துக்காரி?

ஜூன் 3, செவ்வாய்

மதியச் சாப்பாட்டுக்கு இருபத்தைந்து நிமிஷம் விடுகிறார்கள். அதில் பத்து நிமிஷமாவது படிக்கலாம் என்று, பசுமலை நூலகத்தில் எடுத்த நாவலை, நான் வேலை பார்க்கிற ஜவுளிக்கடைக்குக் கொண்டுபோனேன். தாது வருஷப் பஞ்சத்துக் கதை. கல்லுப்பட்டிப் பக்கத்து வீராயி, வயிற்றுப் பிள்ளையோடு பஞ்ச முகாமுக்கு நடந்தே போகிறாள். கல் உடைத்தால்தான் அங்கே கஞ்சி. கண்டிச் சீமைக்குத் தோட்டக் கூலியாகப் போன புருஷனிடமிருந்து தகவலே இல்லை.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரியாப் போகுது? சத்தமாப் படிங்க, நாங்களும் கேக்குறோம்" என்றாள் முனீஸ்வரி. கீழக்குயில்குடியிலிருந்து வருகிற பெண். இரண்டாவது மாடி சேலைப் பிரிவில் என்னோடு நிற்பவள். அவளுக்கும் இது ஏழாம் மாசம்.

படித்தேன். ஒன்பது பேர் கேட்டார்கள்.

ஜூன் 6, வெள்ளி

இன்று பதினான்கு பேர். சுடிதார் பிரிவிலிருந்தும் வந்துவிட்டார்கள். பிசைந்த சோறு கையில் காய்கிறவரைக்கும் கேட்கிறார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

முகாமில் வீராயி ஒரு பாறைமேல் உட்கார்ந்து கல் உடைக்கிறாள். மேஸ்திரி வருகிறான். "உட்கார்ந்தால் அரைக் கஞ்சிதான்" என்கிறான். அவள் எழுந்து, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, குனிந்து உடைக்கிறாள்.

முனீஸ்வரிதான் கேட்டாள்: "நூத்தம்பது வருசமாவா இதே கத நடக்குது?"

எனக்குச் சுரீரென்றது. நாங்கள் காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்குகிறோம், இரவு ஒன்பதுக்குத்தான் முடிகிறது. கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டம் வந்து நாலு வருஷம் ஆகிறது. ஸ்டூலும் வாங்கினார்கள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. ஆபீசர் வருகிறார் என்றால் மேலே வரும், அவர் போனதும் கீழே போகும். எத்தனை தடவை நானே தூக்கிப் போட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் ஏன் இந்தக் கோபம் வரவில்லை?

ஜூன் 12, வியாழன்

முனீஸ்வரிக்குக் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. கவுண்டருக்குப் பின்னால் இருந்த அட்டைப்பெட்டிமேல் ஒரு நிமிஷம் உட்கார்ந்தாள். கேமராவில் பார்த்துவிட்டு ஃப்ளோர் மேனேஜர் ராஜகுரு வந்தார்.

"உக்கார்றதுக்காம்மா சம்பளம் குடுக்குறோம்? முடியலன்னா வீட்ல இருக்க வேண்டியதுதான."

கல்யாணச் சேலை பார்க்க வந்த ஒரு குடும்பமே வேடிக்கை பார்த்தது. முனீஸ்வரி எழுந்து நின்றாள். நான் என்ன செய்தேன்? "இந்த மாம்பழக் கலர் பாருங்கம்மா" என்று சிரித்துக்கொண்டே விரித்துக் காட்டினேன். சீ. வீராயிக்காக மூக்கைச் சிந்தத் தெரியுது, பக்கத்துல நிக்கிறவளுக்காக ஒரு வார்த்தை வரல. நான்லாம் என்னத்தப் படிச்சேன்?

ஜூன் 13, வெள்ளி

காலையிலேயே ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து முனீஸ்வரி பக்கத்தில் வைத்தேன். பத்தரைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மதியம் ராஜகுரு சாப்பாட்டு அறைக்கே வந்தார். "யாரும்மா அந்த வீராயி? எந்தச் சங்கம்? நம்ம ஆளுகள உக்காரச் சொல்லித் தூண்டி விடுறாளாமே?"

யாரோ அரைகுறையாகக் கேட்டு வத்தி வைத்திருக்கிறார்கள். பவதாரிணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இருபத்திரண்டு வயது, லீவு கேட்கவே நடுங்குகிற பெண். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கதையில வர்ற பொம்பள சார். செத்து நூத்தம்பது வருசமாச்சு" என்றேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டதும் அவர் முகம் கறுத்துவிட்டது. புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வரி படித்திருப்பாரா அந்த மனுஷன்?

ஜூன் 14, சனி

புத்தகம் இல்லை. ஆனாலும் எல்லாரும் வந்தார்கள். "மிச்சத்த நாமளே சொல்லுவோம்" என்று பவதாரிணிதான் ஆரம்பித்தாள். அவள் சொன்ன கதையில் வீராயி சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்கிறாள், பக்கத்தில் இருப்பவளும் உட்கார்கிறாள், முகாமே உட்கார்ந்துவிடுகிறது. முனீஸ்வரி கதையில் வீராயிக்கு மரத்தடியில் சுகப்பிரசவம். மூன்று குழந்தை பெற்ற இன்னொருத்தி, "புருசன் திரும்பி வந்தா அவ சேத்துக்கக் கூடாது, ஆமா" என்றாள். அதற்கு ஒரு பெரிய சண்டை. இருபத்தைந்து நிமிஷம் போனதே தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

ராஜகுருவின் அறைக்குப் போனேன். "லைப்ரரி புஸ்தகம் சார். திருப்பிக் குடுக்கணும்." முகத்தைப் பார்க்காமலே மேஜைமேல் எறிந்தார்.

வரும்போதே முடிவு செய்துவிட்டேன். மத்தியானம் ஒரு வெள்ளைத் தாளில், ஸ்டூல் விஷயமாக லேபர் ஆபீசுக்கு மனு எழுதினேன். கையெழுத்துப் போட்டவர்கள் பதினொரு பேர். மூன்று பேர், "வீட்ல கேட்டுட்டு வாரேன்க்கா" என்றார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

கடைசி அத்தியாயத்தை பஸ்ஸில் படித்து முடித்தேன். உடம்பெல்லாம் எரிகிறது.

எழுதியவர் வீராயியைச் சாகடித்துவிட்டார். பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், "பூமியைப் போலப் பொறுத்து"ச் செத்துப்போகிறாள். சரி, பஞ்சத்தில் லட்சம் லட்சமாகச் செத்தார்கள், அது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு பக்கம் அந்த மேஸ்திரி அழுகிறான். அவன் மனம் திருந்துகிறதாம். பிள்ளையை எடுத்து வளர்க்கிறானாம். அவள் செத்தது இவன் நல்லவனாவதற்கா? கல் உடைத்தவளுக்கு அரைப் பக்கம், கஞ்சியைக் குறைத்தவனுக்கு இரண்டு பக்கமா?

இதை எப்படி அவர்களுக்குப் படிப்பேன். முனீஸ்வரி இருக்கிறாளே.

ஜூன் 23, திங்கள்

மறைக்க மனசு வரவில்லை. படித்துவிட்டேன். முனீஸ்வரி வயிற்றைத் தடவிக்கொண்டாள். பிறகு, "எழுதுனவரு ஒரு நாளாச்சும் நின்னு பாத்திருப்பாராக்கா?" என்றாள்.

ஜூலை 9, புதன்

சொல்லாமல் கொள்ளாமல் லேபர் ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்தார். ராஜகுரு லிஃப்ட்டுக்கு ஓடுவதற்குள் அவர் மாடிப்படிக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு உக்கார்றதுக்கு?" என்று, ஒரு ஸ்டூலோடு மேலே வந்து எங்களைத்தான் கேட்டார். முனீஸ்வரிதான், "எங்களுக்குத்தான் மேடம்" என்றாள்.

ஜூலை 28, திங்கள்

எல்லாத் தளத்திலும் ஸ்டூல் போட்டாகிவிட்டது. பேப்பரில் முதலாளி படம், 'ஊழியர் நலனில் முன்னோடி' என்று. பக்கத்தில் ராஜகுரு, பல் தெரிய. பதினொரு கையெழுத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. என்னைக் கீழ்த்தளத்தில் துண்டு, போர்வைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். தண்டனையாம். சாப்பாட்டு நேரமும் வேறு.

ஆகஸ்ட் 30, சனி

முனீஸ்வரிக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

எனக்கும் பவதாரிணிக்கும் இன்று வார விடுப்பு. தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழாவுக்குப் போனோம். சாயங்காலம் மேடையில் அந்த நாவலை எழுதியவர் பேசினார். பெண்களின் பொறுமை பற்றி முக்கால் மணி நேரம். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்தில் பார்த்தால் பவதாரிணி மைக்கை வாங்கிவிட்டாள்.

"ஐயா, உங்க நாவல நாங்க பதினாலு பேர் சேந்து படிச்சோம். வீராயி சாகும்போது அவ என்ன நெனச்சான்னு ஏன் எழுதல? அந்த மேஸ்திரி நெனச்சத மட்டும் ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியலம்மா. அதனாலதான் எழுதலபோல" என்றார்.

"எங்ககிட்டக் கேட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பவதாரிணி என் பக்கம் திரும்பினாள். "அக்கா, அவரு நம்ம கடைக்குச் சேல எடுக்க வந்தா நான் என்னக்கா பண்ணுவேன்?" என்றாள்.

"எடுத்துக் காட்டிட்டு ஸ்டூல்ல உக்காந்துக்க" என்றேன். "அவரு நின்னு பாக்கட்டும். அவசரமில்ல."