பந்தை வைத்திருந்தவனுக்குக் கொடி இல்லை

என் அன்புத் தம்பி ரமோன்,

உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. "ஓம் அண்ணை" என்ற இரண்டே சொற்களை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக என் வீட்டில் சோறு சாப்பிட்டவன் நீ. இப்போது நீ இருக்கிற இடத்தில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது என்று நம்பி எழுதுகிறேன். டேனிஷில் எழுதலாம்தான். ஆனால் அந்த மொழியில் நாம் இருவருமே சின்னப்பிள்ளைகளைப் போலத்தான் பேசினோம். சின்னப்பிள்ளையின் கோபத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை.

நேற்று ஓல்போர்க் கத்தோலிக்கக் கோவிலில் உன் முப்பத்தோராம் நாள் பூசை நடந்தது. வியட்நாம்காரர் வந்தார்கள், போலந்துக் கிழவி ஒருத்தி வந்தாள், எங்கள் ஆட்களில் சிலர் வந்தார்கள். உன் பழைய உதைபந்தாட்டக் கழகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. பூ மட்டும் வந்தது. அதில் செருகியிருந்த அட்டையில் உன் பெயரையே பிழையாக எழுதியிருந்தார்கள். நான் அதைப் பீடத்துக்குக் கிட்டக் கொண்டுபோகவில்லை. வாசலிலேயே வைத்துவிட்டேன்.

எங்கள் மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முப்பத்தோராம் நாளுக்கு இறந்தவரின் படத்தைப் போட்டு, அவர் எங்கே பிறந்தார், என்ன செய்தார், யார் யாரை விட்டுப் போனார் என்று ஒரு சிறு புத்தகம் அச்சடித்துக் கொடுப்போம். கல்வெட்டு என்போம். கல்லில் வெட்டுவதில்லை, தாளில்தான். உனக்கும் ஒன்று போட வேண்டும் என்று எங்கள் சங்கச் செயலாளரைக் கேட்டேன். அச்சு வேலைகள் எல்லாம் அவர் கையில்தான் இருக்கின்றன.

"அண்ணை, கல்வெட்டு சொந்தக்காரர் போடுறது. நீங்கள் அவருக்கு என்ன முறை?"

"ஏன், முறை இல்லாட்டி ஆள் சாகேல்லையோ?"

"அதுக்கில்லை. சங்கத்தின்ர பேரில அடிச்சா நாலு பேர் கேப்பினம், ஆர் இந்தப் பெரு நாட்டுக்காரன் எண்டு."

"பந்தடிகாரன் எண்டு சொல்லுமன்."

"பந்தடிகாரர் எங்கட பெடியளுக்கையும் இருக்கினம்தானே அண்ணை."

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். என்ன முறை, எந்த வகையில் குடும்பம், அத்தாட்சி எங்கே? இதே கேள்விகளை இந்த நாட்டு நீதி அமைச்சு எங்களிடம் கேட்டபோது பதாகை பிடித்துக்கொண்டு குளிரில் நின்றவர்களில் அந்தச் செயலாளரும் ஒருவர். மறந்துவிட்டார். அதனால் நானே எழுதுகிறேன். இதுதான் உன் கல்வெட்டு.

நீ பெருவில் சிம்போட்டே என்ற மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்தாய். ஊர் முழுக்க மீன்மா ஆலைகளின் புகை. "அந்த மணத்தில இருந்து ஓடத்தான் அண்ணை நான் பந்தை எடுத்தனான்," என்று நீ சொல்லியிருக்கிறாய். மீசை முளைக்கும் முன்பே ஊர்க் கழகத்தின் முதல் அணியில் இடது ஓரத்தைப் பிடித்தாய். மன்னாரில் எங்கள் ஊரான பேசாலையில் அந்த இடத்தை லெப்ட் அவுட் என்போம். பிறகு தலைநகருக்குப் போனாய். ஒரேயொரு தடவை தேசிய அணிக்குக் கூப்பிட்டார்கள். சட்டையைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் இருந்தாய். ஆட்டம் முடிந்தது, சட்டையைத் திருப்பிக் கேட்டார்கள். அதற்குப் பிறகு ஸ்பெயினில் இரண்டாம் பிரிவில் ஆடினாய், முழங்கால் போனது. பெல்ஜியத்தில் ஒரு பருவம். கடைசியில் ஒரு தரகர் டென்மார்க் என்று சொன்னபோது அது ஜெர்மனியில் இருக்கிற ஒரு நகரம் என்று நினைத்தாயாம்.

லிம்ஃபியோர்டு நீரிணைக்கு வடக்கே அந்தச் சிறு நகரத்துக் கழகத்தில் வந்து விழுந்தாய். அதன் பெயரை எழுதமாட்டேன். உன் பெயரைச் சரியாக எழுதத் தெரியாதவர்களின் பெயரை நான் ஏன் எழுத வேண்டும்?

நாம் சந்தித்தது கோவிலில். பூசை முடிந்து எல்லோரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நீ சுவரோடு ஒட்டி நின்றாய், வாசலை ஒரு கண்ணால் பார்த்தபடி. நான் கிட்டப்போய், "நீ லெப்ட் அவுட்டோ?" என்று காலால் காட்டிக் கேட்டேன். நீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாய். இந்த நாட்டில் உன்னிடம் முதன்முதலாகச் சரியான கேள்வி கேட்டவன் நான் என்று பிறகு சொன்னாய்.

அன்றிலிருந்து உன் ஆட்டம் ஒன்றையும் நான் விட்டதில்லை. பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் காலை வேலை, முடிந்ததும் பஸ். முதல் பாதியில் நீ ஓடுகிற கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும், நானும் மைதானத்தைச் சுற்றி நடந்து மற்றக் கோட்டுக்கு வருவேன். கோட்டு நடுவர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். உன் காலணி புல்லில் படும் சத்தம் கேட்கும் தூரத்தில் நின்று பார்த்தவன் நான். அதனால்தான் சொல்கிறேன், நீ ஒருபோதும் முந்தி ஓடவில்லை.

உன் கப்டன் நடுவில் ஆடியவன். உயரமானவன், ஊரின் செல்லப்பிள்ளை. நீ ஓடத் தொடங்கும்போது அவன் பந்தைத் தட்டினால் நீ கோலுக்கு முன்னால் தனியாக நிற்பாய். அவன் தட்டமாட்டான். இன்னொரு முறை காலில் உருட்டுவான், தலையை நிமிர்த்திப் பார்ப்பான், பிறகு தட்டுவான். அதற்குள் நீ கடைசித் தடுப்பாளனைத் தாண்டியிருப்பாய். பந்து தட்டுப்படும் நொடியில் தாண்டி நிற்பவன்மேல்தான் பிழை. கோட்டு நடுவரின் கொடி உயரும். ஒஃப்சைட். பார்க்கிற சனம் உன்னைத்தான் ஏசும். ஊர்ப் பத்திரிகை உனக்குத் திரு. ஒஃப்சைட் என்று பெயர் வைத்தது.

மேல் பிரிவுக்குப் போவதைத் தீர்மானித்த அந்தக் கடைசி ஆட்டத்திலும் அதுதான் நடந்தது. நீ அடித்த பந்து வலைக்குள் கிடந்தது, கொடி மேலே நின்றது. பத்திரிகைக்காரன் வந்து கேட்டபோது நீ சிரித்தாய். ஒரு சொல் சொல்லியிருக்கலாமே தம்பி? கப்டன் பந்தை வைத்திருந்தான் என்று ஒரு சொல்? உன்மேல் எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது ஒன்றுதான். நீ சிரித்ததால் உன்னையே குற்றவாளி என்று எழுதினார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஹன்ஸ்தோல்ம் பக்கம் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாய். மீன் மணத்திலிருந்து ஓடியவனைப் பந்து பாதி உலகம் சுற்றிக் காட்டிவிட்டு மறுபடி மீனிடமே கொண்டுவந்து விட்டது.

அந்தக் காலத்தில்தான் என் கோப்பும் கொப்பன்ஹேகனில் கிடந்தது. மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் அழைக்க விண்ணப்பம் போட்டிருந்தேன். சட்டப்படி எனக்கு அந்த உரிமை இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்து அந்தச் சட்டத்தை வரிவரியாக வாசித்தவன் நான், அதனால் தெரியும். ஆனால் தமிழரின் கோப்புகளைத் தொட வேண்டாம் என்று நீதி அமைச்சர் சொல்லி வைத்திருந்தது அப்போது எங்களுக்குத் தெரியாது. தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது.

கடைசியில் கோப்பு திறந்தது. அருள்மேரியும் இரண்டு பெடியன்களும் வந்தார்கள். மூத்தவள் ஸ்டெல்லா வரவில்லை. கோப்பு மேசையில் கிடந்த காலத்தில் அவளுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது. இனி அவள் பிள்ளை இல்லையாம், வயது வந்தவளாம். பிறகு மன்னாரிலும் சண்டை வந்து, வள்ளம் ஏறி, இப்போது மண்டபம் அகதி முகாமில் இருக்கிறாள்.

அருள்மேரி வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு வாளி நண்டு கொண்டுவந்தாய். நினைவிருக்கிறதா? அன்று காலையில்தான் எங்கள் ஆள் ஒருத்தி வந்து, "ஒரு வருசம் முந்திப் போட்டிருந்தா பிள்ளையும் வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அருள்மேரி கறியைக் காய்ச்சி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாள். உனக்கு ஏன் என்று சொன்னேன். நீ எழும்பி மேசையைத் துடைத்தாய். நண்டு ஓடு ஒன்றை நடுவில் வைத்தாய், அது தடுப்பாளன். உப்புப் போத்தல் கப்டன். தேசிக்காய்த் துண்டு பந்து. ஒரு நண்டுக்காலை எடுத்து, இது நான் என்றாய். நீ டேனிஷில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

"இவன் ஓடத் தொடங்கிட்டான். சரியான நேரத்திலதான் ஓடுறான். போத்தல் பந்தைத் தட்டவேணும். தட்டேல்லை. வைச்சிருக்கு. இன்னும் வைச்சிருக்கு." நண்டுக்கால் ஓட்டைத் தாண்டியது. "இப்ப தட்டுது. இப்ப கொடி."

"ஆருக்கு எதிரா?" என்றாள் அருள்மேரி.

"ஓடினவனுக்கு."

"பந்தை வைச்சிருந்தவனுக்கு?"

"அவனுக்கு ஒண்டுமில்லை. அவன் கப்டன்."

அவள் அந்த நண்டுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இது எங்கட பிள்ளை," என்றாள். நான் உனக்குச் சொன்னேன். நீ அவளைப் பார்த்து, மிக மரியாதையாக, "ஓம் அண்ணை" என்றாய். உனக்குத் தெரிந்த மரியாதை அது ஒன்றுதான். டென்மார்க்குக்கு வந்த பிறகு அவள் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான். பிறகு சோற்றுக் கோப்பையை இழுத்துச் சாப்பிட்டாள்.

கடந்த கோடையில் இந்த நாடு ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றதே, அப்போது நீ ஏற்கெனவே மெலியத் தொடங்கியிருந்தாய். வயிற்று நோ என்று சொல்லிக்கொண்டிருந்தாய். தெருவெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாகக் கத்திக்கொண்டு போனார்கள். போர் நடக்கிற ஒரு நாட்டைப் போட்டியிலிருந்து வெளியே அனுப்பிவிட்டு அந்த இடத்துக்குத்தான் இவர்களைக் கூப்பிட்டார்கள் என்று நான் சொன்னேன். "அண்ணை, ஒரு நாளைக்காவது சும்மா பாருங்கோ," என்றாய். என்னால் சும்மா பார்க்க முடிவதில்லை.

இந்தத் தை மாதம், எங்கள் கோப்புகளை முடக்கியது பற்றிய விசாரணை அறிக்கை வந்தது. பிரதமர் பதவி விலகினார். நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி தொலைக்காட்சியில் பார்த்தாய். என்னை உள்ளே விடமாட்டோம் என்று முதலில் தாதி தடுத்தாள். குடும்பத்தவர் மட்டும்தானாம்.

"நீங்கள் அவருக்கு என்ன வேணும்?"

"அண்ணன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், உன் முகத்தைப் பார்த்தாள். "ஓ, பார்த்தாலே தெரியுது," என்று சொல்லிக் கதவைத் திறந்தாள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய், நோவில் கண்ணீர் வரும்வரை. பசிபிக் கரையில் பிறந்தவனும் மன்னார்க் கரையில் பிறந்தவனும் அவள் கண்ணுக்கு ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பிறப்புச் சான்றிதழ், மணச் சான்றிதழ், பங்குக் கோவில் முத்திரை எல்லாம் வைத்தும் அமைச்சு நம்பாத ஒன்றை அவள் ஒரு பார்வையில் நம்பிவிட்டாள். இதற்குச் சந்தோஷப்படுவதா தம்பி? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"அண்ணை, அப்ப கொடியை இறக்கிப் போட்டாங்களோ? ஸ்டெல்லா வருவாளோ?" என்று கேட்டாய்.

இல்லை என்றேன். நடுவரைத்தான் மாற்றினார்கள், ஆட்டத்தின் முடிவை மாற்றவில்லை. நீ கண்ணை மூடிக்கொண்டாய். நான் எழும்பித் தொலைக்காட்சியை அணைத்தேன்.

இப்போதைய செய்தி இது. கோப்புகளை முடக்கிய அந்த அமைச்சர்மேல் வழக்குப் போடப் போகிறார்களாம். எங்கள் சங்கத்தில் இனிப்புக் கொடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. ஸ்டெல்லாவுக்காக நான் போட்ட புது விண்ணப்பத்துக்குப் போன வாரம் பதில் வந்தது. வயது வந்தவர், ஆகையால் இல்லை. சின்னவன்தான் கடிதத்தை வாசித்தான். வாசித்துவிட்டு, "பப்பா, ஒஃப்சைட் எண்டா ஒஃப்சைட்தானே," என்று டேனிஷில் சொன்னான். அடிக்கக் கை ஓங்கவில்லை. நண்டு ஓட்டைத் தேடினேன், வீட்டில் இல்லை. உப்புப் போத்தலை மட்டும் எடுத்து அவன் முன்னால் வைத்து முதலிலிருந்து தொடங்கினேன்.

நேற்றுப் பூசையில் பாதர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். நல்ல மனிதர். நான் முழங்காலில் நின்றேன், ஆனால் ஆமென் சொல்லவில்லை.

கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில் உறவுகளின் பெயர்களைப் போடுவது வழக்கம். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவர்கள் இருக்கிற நாட்டைப் போடுவோம். உனக்கு இப்படிப் போட்டிருக்கிறேன். அன்பு அண்ணன் சூசைப்பிள்ளை, அண்ணி அருள்மேரி, பெறாமக்கள் இருவர், எல்லோரும் டென்மார்க். அவர்களுக்கு மேலே, மூத்த பெறாமகளாக, ஸ்டெல்லா (டென்மார்க்).

இந்தப் பக்கத்தை மட்டும் நேற்றே நான் பிரதி எடுத்துக் கொடுத்தபோது செயலாளர் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணை, இதில ஒரு பிழை இருக்கு," என்றார். தெரியும் என்றேன். அது பிழைதான். தாளில் திருத்தமாட்டேன். அவர்கள் எத்தனை முறை இல்லை என்று எழுதினாலும் அத்தனை முறையும் திரும்ப விண்ணப்பம் போடுவேன். நான் விழுந்தால் பெரியவன் போடுவான், அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் இந்த மண்ணில் வந்து நிற்கிற நாளில் உன் கல்வெட்டில் பிழை இருக்காது. அதுவரை ஒருவரையும் மன்னிக்கமாட்டேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

அத்தாட்சி கேட்காமல்,
முகத்தைப் பார்த்தே ஒப்புக்கொள்ளப்பட்ட
உன் அண்ணன்,
சூசைப்பிள்ளை
ஓல்போர்க்