பதினோரு மாதக் கயிறு

அக்கா,

இன்று காலை பழைய இரும்பு இறக்க நம் டெம்போக்காரர் வந்தார். ஒவ்வொரு தடவையும் நம்மை மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டு போன அதே குட்டியானை வண்டி, அதே ஆள். வாசலில் என்னைப் பார்த்ததும், "இந்தத் தடவ எந்தப் பக்கமுங்க?" என்றார். நாம் கூப்பிட்டால் இடம் மாறுகிறோம் என்றுதான் அவருக்கு அர்த்தம். "இல்லைங்க, இரும்பு எறக்கத்தான் கூப்ட்டேன்" என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. இரும்பை இறக்கிய பிறகும் கொஞ்ச நேரம் வண்டியைக் கிளப்பாமல், உள்ளேயிருந்து ஏதாவது வெளியே வருமா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போனதும் சுவரில் தொங்கும் உங்கள் கயிற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாதாரணத் தேங்காய் நார்க் கயிறு. ஒரு முனையிலிருந்து அளந்தால் முதல் முடிச்சு கதவின் அகலம், இரண்டாவது முடிச்சு வண்டித் தொட்டியின் நீளம். இடம் மாறும்போதெல்லாம் கதவு முடிச்சை அவிழ்த்துப் புதிதாகப் போடுவீர்கள். வண்டி முடிச்சு மட்டும் மாறியதே இல்லை. இறுகிப் போய் இப்போது நகத்துக்கும் அசையாது. டர்பன்டைன் வாடை இன்னும் அதில் இருக்கிறது. நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது, சொல்ல வேண்டியது நிறைய சேர்ந்துவிட்டது.

நாம் சேர்ந்தது காந்திபுரத்தில், ஒரு லாட்ஜுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில். உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த ஓவியர் நீங்கள். காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் வீட்டில் பிறந்துவிட்டு, பம்பு உடைசல்களைப் பற்றவைத்துச் சிலை செய்கிறேன் என்று அலைந்துகொண்டிருந்தவள் நான். தனியாக ஒரு கொட்டகைக்கு வாடகை கொடுக்க இருவராலும் முடியவில்லை. சிநேகிதம் எல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான். என் வெல்டிங் பொறி உங்கள் கேன்வாஸில் விழுந்து, நீங்கள் இரண்டு நாள் என்னோடு பேசாமலிருந்ததுதான் நம் முதல் மாதத்தின் முக்கியச் செய்தி.

வாடகை ஒப்பந்தத்தை இந்த ஊரில் பதினோரு மாதத்துக்குத்தான் எழுதுவார்கள். பன்னிரண்டு என்று எழுதினால் பதிவு செய்ய வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கு அது ஒரு சடங்கு, வருடா வருடம் புதுத் தாள் வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்படியே இருந்துவிடலாம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பத்தாவது மாதம் பிறந்தால் கட்டிடத்துச் சொந்தக்காரர் போன் செய்வார். ஷோரூம்காரர்கள் கேட்கிறார்கள், மாப்பிள்ளைக்கு வேண்டும், இடித்துக் கட்டப் போகிறோம் என்று மரியாதையாகத்தான் சொல்வார்கள். கோயம்புத்தூரில் ஆளைக் கிளப்பும்போதும் "ங்க" விகுதி குறையாது.

அதனால் நமக்கென்று ஒரு வேலை முறை வந்தது. சுவரில் ஆணி அடிப்பதில்லை, படங்களைச் சாய்த்துத்தான் வைப்பது. பத்தாவது மாதத்தில் புது வேலை எதையும் தொடங்குவதில்லை, பழைய செய்தித்தாள் சேர்க்கத் தொடங்கிவிடுவது. எதை ஆரம்பிப்பதற்கு முன்னாலும் கயிற்றை எடுத்துப் பார்ப்பது. நீங்கள் இரண்டு கைகளையும் விரித்துக் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இதுக்குள்ள அடங்குமா அம்மணி? அடங்காட்டி ஆரம்பிக்காத" என்பீர்கள். என் சிலைகள் எல்லாவற்றையும் நாலு துண்டு, ஆறு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைத்தேன். கண்காட்சிக்கு வந்த ஒரு பெரிய மனிதர் அதைப் பார்த்துவிட்டு, உடைந்துபோன நவீன வாழ்க்கையை நான் அற்புதமாகப் பிடித்திருப்பதாகச் சொன்னார். நீங்கள் என் காதுக்குள், "வண்டித் தொட்டியப் பத்தி அவருகிட்டச் சொல்லிப்போடாத" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, வீட்டுக்குப் போனதும் ஆத்திரம் வந்தது. எனக்கு உடைந்த வாழ்க்கையைச் செய்யும் ஆசையெல்லாம் இல்லை. முழுசாக ஒன்று செய்ய ஆசை.

கணபதியில் கிடைத்த பட்டறையில்தான் அந்தத் தப்பைச் செய்தோம். மற்றவர்கள் செய்யமாட்டார்கள், நம்மைப் போன்றவர்கள்தான் செய்வார்கள். மூடிக் கிடந்த லேத் பட்டறை அது, தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. நமக்குக் கை சும்மா இருக்குமா? தரையைச் சுரண்டிச் சிவப்பு ஆக்சைடு போட்டோம். கூரையில் நாலு தகரத்தை எடுத்துவிட்டு வெளிச்சம் வரும் ஷீட் போட்டோம். தண்ணீர் ஒழுகிய பின்சுவர் முழுக்க நீங்கள் மழைக்கு முந்தைய வானத்தை வரைந்தீர்கள். போதாததற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரைக் கூப்பிட்டு டீ கொடுத்துக் காட்டினோம். கட்டிடக்காரர் குடும்பத்தோடு வந்தார். "எங்க பட்டறைங்களா இது?" என்று மூன்று தடவை கேட்டார். அடுத்த மாதம் அது காபிக் கடைக்குப் போயிற்று. இன்றைக்கும் உங்கள் வானத்துக்கு முன்னால் நின்று பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நான் கட்டிடக்காரரைத் திட்டியபடியே மூட்டை கட்டினேன். நீங்கள் திட்டவில்லை. "அவரு மேல என்ன தப்பு? நாம எழுதி வாங்கல" என்று மட்டும் சொன்னீர்கள்.

எழுதி வாங்குவது என்கிற எண்ணம் உங்களுக்கு அங்கேதான் பிடித்தது என்று நினைக்கிறேன். சிங்காநல்லூர்ப் பக்கம் இந்தப் பஞ்சு குடோனை நீங்கள் கண்டுபிடித்தபோது வழக்கம் போல முதலில் பதினோரு மாதத்துக்குத்தான் வந்தோம். மில் நின்று, இயந்திரங்களை விற்று, குடோன் மட்டும் மிச்சமிருந்தது. முதலாளி பார்க்க வரும்போது கூட்டிப் பெருக்கக் கூடாது, ஒட்டடையைத் தொடக் கூடாது என்று நான் சட்டம் போட்டேன். கொஞ்ச நாள் நீங்களும் அதற்கு உடன்பட்டீர்கள். பிறகு ஒருநாள் துடைப்பத்தை எடுத்தீர்கள். "இப்புடி ஒளிஞ்சு ஒளிஞ்சு எத்தன நாளைக்கு அம்மணி? கிளம்பு, போயி பதினஞ்சு வருசத்துக்குக் கேப்போம்." பைத்தியமா உங்களுக்கு என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே செருப்பையும் மாட்டினேன்.

முதலாளி வீட்டுக்குள்ளே யாரிடமோ தெலுங்கில் பேசிவிட்டு வந்து நம்மிடம் கொங்குத் தமிழில் பேச உட்கார்ந்தார். அதுவரை அவரிடம் சொல்லாமல் வைத்திருந்த என் வெல்டிங்கைப் பற்றிக் கேட்டதும் எழுந்தே விட்டார்.

"பஞ்சு குடோனுங்க அது. எங்கப்பா காலத்துல தீப்பெட்டியோட ஒரு ஆள் வாசல் தாண்ட முடியாது."

"பஞ்சு போயி ரொம்ப வருசமாச்சுங்களே" என்றீர்கள் நீங்கள், அவருக்கு வலிக்காத குரலில்.

பதினைந்து வருடம் என்றதும் அவர் சிரித்தார். ஊரில் யாரும் அப்படி எழுதித் தருவதில்லை என்றார். நீங்கள் பேச்சை மாற்றுவது போல அவருடைய தோப்பைப் பற்றி விசாரித்தீர்கள். பொள்ளாச்சி ரோட்டில் தென்னை வைத்திருக்கிறார் என்று எங்கே கேட்டு வைத்திருந்தீர்களோ.

"ஏனுங்க, தென்னங்கன்னு வெக்கறவனுக்குப் பதினோரு மாசத்துக்கு நெலம் தாரேன்னா வாங்குவானுங்களா?"

"அதெப்புடிங்க வாங்குவான்? பாளை விடவே அஞ்சு வருசம் ஆகுமே."

"எங்களுக்கும் அவ்வளவு ஆகுமுங்க. பத்து வருசமா நாங்க கீரைதான் வெச்சிட்டிருக்கோம்."

காபி வந்தது. பையன்களிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லி வாசல் வரை வந்து அனுப்பினார். திரும்பும் வழியில் பஸ்ஸில் நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிப் போனீர்கள். நோய் அப்போதே உள்ளே இருந்திருக்கிறது. நான் வெயில் என்று நினைத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நான் மன்னிப்பதில்லை.

எழுதிக்கொண்டு வரும்படி அவர் சொல்லி அனுப்பியபோது நீங்கள் ஆஸ்பத்திரியில். அங்கே இருந்துகொண்டே மற்ற காரியங்களைச் செய்தீர்கள். இடம் தேடி அலைந்த இன்னும் ஐந்து பேரைச் சேர்த்து நம் ஏழு பேரையும் ஒரு சங்கமாகப் பதிவு செய்ய வைத்தீர்கள். குத்தகை சங்கத்தின் பெயரில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தீர்கள். உங்கள் பெயரில் எழுதினால் சீக்கிரம் முடியுமே என்று நான் சலித்துக்கொண்டேன். "ஆளு போயிட்டாலும் எழுத்து நிக்கோணும் அம்மணி" என்றீர்கள். பத்திரத்தின் வரைவு தட்டச்சாகி வந்த வாரத்தில் நீங்கள் போய்விட்டீர்கள்.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து முதலாளி கூப்பிட்டார். "அந்தம்மா இருந்தா யோசிச்சிருக்க மாட்டேனுங்க" என்று ஆரம்பித்தார். பெரிய மகன் அடுக்குமாடி கட்டுகிறவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறாராம். கேட்பதில் நீங்கள் கெட்டிக்காரர், எனக்கு வருவதெல்லாம் சண்டை மட்டும்தான். அன்றைக்கு அதுவும் வரவில்லை. பைக்குள் கைவிட்டேன், உங்கள் கயிறு இருந்தது. நீங்கள் போன நாளிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டுதான் திரிந்தேன். எடுத்து அவர் மேசை மேல் வைத்தேன்.

"இது என்னங்க அம்மணி?"

கதவு முடிச்சையும் வண்டி முடிச்சையும் சொன்னேன். அவர் கயிற்றை எடுத்துக்கொண்டு எழுந்து போய்த் தன் வீட்டு வாசல் நிலையில் பிடித்துப் பார்த்தார். அப்படியே அங்கேயே நின்றுகொண்டு கேட்டார்.

"இதுக்குள்ள அடங்கறதைத்தான் இத்தன வருசமா செஞ்சீங்களாங்க?"

"ஆமாங்க."

"இதுக்கு மேல பெருசா ஒண்ணு செய்யோணும்னு தோணுனதில்லீங்களா?"

"தோணுமுங்க. தோணுனதும் அந்தக் கயித்த எடுப்பாங்க அக்கா."

காரியம் பேசப் போகிற இடத்தில் அழக் கூடாது என்று நீங்கள் சொல்லித்தான் கூட்டிப் போவீர்கள். நான் அழுதுவிட்டேன். அவர் கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, "போயிட்டு வாங்க, பார்க்கலாம்" என்றார். அந்தப் 'பார்க்கலாம்' எத்தனை இடத்தில் கேட்டது. மூட்டை கட்டுவதற்குச் செய்தித்தாள் சேர்க்கத் தொடங்கினேன்.

மூன்று வாரம் கழித்து முதலாளியும் பெரிய மகனும் குடோனுக்கே வந்தார்கள். மகன் கூரை, சுவர் எல்லாம் சுற்றிப் பார்த்தார். கடைசியில், நிலத்தின் ரோட்டோரத்து முன்பாதி அடுக்குமாடிக்கு, பின்னால் இருக்கும் குடோன் நமக்கு என்று முடிவாயிற்று. பதினைந்து என்பது பன்னிரண்டாகக் குறைந்தது. வாடகை எப்போது, எவ்வளவு ஏறும் என்பது பத்திரத்திலேயே இருக்கிறது. நடுவில் விற்றாலும் வாங்குகிறவர் நம்மைக் கிளப்ப முடியாது என்று நீங்கள் வரைவில் எழுத வைத்திருந்த வரியை மகன் இரண்டு தடவை படித்தார். கோடு போட்டு அடித்துவிடவில்லை. பத்திரம் எழுதுபவர் பேனாவை எடுத்ததும், "பதினோரு மாசமுங்களா?" என்றார், கைப்பழக்கத்தில். "பன்னண்டு வருசமுங்க" என்று மிச்சமிருந்த ஆறு பேருமாகச் சொன்னோம்.

இதையும் கேளுங்கள். பத்திரம் கைக்கு வந்து பல வாரம் ஆகியும் இங்கே ஒருவரும் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. ஆறு பேரும் படங்களைச் சாய்த்தே வைத்திருந்தோம். யாரோ வந்து தட்டிக் கேட்பார்கள் என்று பயம். கடைசியில் நான்தான் சுத்தியலை எடுத்தேன். காரை பெயர்ந்து, ஆணி கோணலாகத்தான் இறங்கியது. உங்கள் கயிற்றை அதில் மாட்டினேன். மறுநாளே ஆளாளுக்கு அடிக்க ஆரம்பித்து, ஒரு வாரத்துக்குக் குடோனில் காது கொடுக்க முடியவில்லை.

பிறகு உங்களைச் செய்ய ஆரம்பித்தேன். நீங்கள் இரண்டு கைகளையும் விரித்துக் கயிறு பிடித்து நிற்கும் நிலை. பம்பு உறைகளும் குழாய்களும்தான் உடம்பு. போல்ட் ஒன்றுகூட இல்லை, மொத்தமும் ஒரே பற்றாக. பொதி பொதியாகப் பஞ்சு வந்து போன இந்தக் கதவு, நமக்கு வாய்த்ததிலேயே அகலமான கதவு. உங்கள் இடது கையின் விரல் நுனியிலிருந்து வலது கையின் விரல் நுனி வரை அதைவிட இரண்டு முழம் அதிகம். முதல் தடவையாக அளக்காமல் ஆரம்பித்தேன், முடிந்த பிறகுதான் அளந்தேன். காலையில் வந்த இரும்பு உங்கள் பாதத்துக்கு, பக்கவாட்டில் திருப்பினாலும் கதவில் அடங்காத அகலம் அதுவும்.

மத்தியானம் முதலாளி வந்தார். அடிக்கடி வருகிறார் இப்போது, தோப்பிலிருந்து இளநீர் கொண்டுவந்து தருகிறார். உங்களைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டு செருப்பைக் கழற்றினார். சுற்றி வந்தார், கதவைப் பார்த்தார், விரிந்த கைகளைப் பார்த்தார், மறுபடி கதவைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, இதை எப்புடி வெளிய கொண்டு போவீங்க?"

"இன்னும் பத்து வருசத்துக்கு மேல இருக்குதுங்களே" என்றேன். "அதுக்குள்ள உங்ககிட்ட இன்னொரு பன்னண்டு கேப்போமுங்க."

கேட்டது நான்தான் அக்கா. உங்களைப் போலவே சாதாரணமாகக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இளநீரை வெட்ட உட்கார்ந்தார்.