இயக்குநர் மறைக்கவில்லை

அக்கா,

நம் கஹவத்தைத் தேயிலைத் தோட்டத்தைப் படமெடுத்த ஆங்கிலேய இயக்குநர் போன வாரம் லண்டனில் இறந்துவிட்டார். நாற்பது வருடம் படமெடுத்தவர்.

அன்று கேமரா முன்னால் நீ, "ஆசுபத்திரிக்குக் கொண்டு போக தொரை லொறி குடுக்கலீங்க. தூக்கிக்கிட்டு நடந்தோம். வழியிலேயே புள்ள போயிடுச்சு" என்று அழுதாய். மொழிபெயர்க்க நின்ற நான், பக்கத்தில் தோட்ட மானேஜர் துரையைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். ஆபீஸ் வேலை போய்விடுமே என்று, "பிள்ளை காய்ச்சலில் இறந்தது" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

படத்தில் லொறிப் பேச்சே இல்லை. "அந்த வெள்ளக்காரன் மறைச்சிட்டான்" என்று இத்தனை வருடமும் அவரைத் திட்டினாய். நானும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நோயில் கிடந்தபோது அவர் எனக்கு எழுதிக் கேட்டார்: "அந்தத் தாய் சொன்னதையெல்லாம் என்னிடம் சொன்னீர்களா?"

எல்லாம் சொன்னேன் என்றே பதில் போட்டேன்.

இனி அவரைத் திட்டாதே, அக்கா.

உன் தம்பி