பத்தாம் கட்டில், பதினொன்றாம் கட்டில்

ஜனவரி 9

பதினொன்றாம் கட்டில் தங்கச்சிக்கு,

சுகமா? நான் ஒருவழியாக ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்தேன். மூன்று மாடி ஏற ஒரு மணி நேரம். போனில் பேசலாம் என்றால் நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறது. உனக்கும் அதே கதைதான். அதனால் எழுதியே பேசிக்கொள்வோம்.

மார்ச் பத்துக்குள் பத்து கிலோ குறைத்துக் காட்டினால்தான் வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷன். உடம்பு இளைத்தால் நம் பலவீனமான இதயத்துக்குப் பாரம் குறையும் என்று டாக்டர் சொன்னாரே, அதை நம்பித்தான் நாளைத் தள்ளுகிறேன். இருவரும் ஒரே நாளில் ஆபரேஷனுக்குப் போவோம் என்று கையில் அடித்துச் சொன்னாய். மறந்துவிடாதே.

இங்கே தையல் மெஷினை நிறுத்தினால் வேறு சத்தமே இல்லை. வார்டில் உன் குறட்டை எவ்வளவோ தேவலை.

பத்தாம் கட்டில் அக்கா

பிப்ரவரி 4

அன்புள்ள அக்கா,

என் குறட்டையா? உங்கள் குறட்டைக்கு நர்ஸ் இரண்டு முறை ஓடி வந்தார், ஞாபகம் இருக்கட்டும்!

எனக்கு ஆறு கிலோ குறைந்திருக்கிறது. நான் வேலை பார்க்கும் பஸ் டிப்போ டிக்கெட் கவுன்டரில் பக்கத்து சீட்காரர் எல்லார் முன்னாலும், "எத்தனை நாளைக்குத்தான் இந்தப் பட்டினி? போய்ச் சாப்பிடும்மா" என்றார். சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். இதையெல்லாம் வேறு யாரிடம் சொல்வேன்?

உங்களுக்கு எவ்வளவு குறைந்தது? கேட்டால் வாயே திறக்க மாட்டேன் என்கிறீர்கள்.

உங்கள் தங்கச்சி

மார்ச் 22

அக்கா,

எனக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். நீங்கள் எடை பார்க்கும் மெஷினிலேயே மயங்கி விழுந்ததாக நர்ஸ் சொன்னார். எடை சரியாகப் பத்து கிலோ குறைந்திருந்ததாமே, பிறகு என்ன ஆயிற்று?

"அக்கா எழுந்து வரட்டும், நான் காத்திருக்கேன்" என்று டாக்டரிடம் சொன்னேன். "உங்க இதயம் காத்திருக்காதும்மா" என்றார். பயந்துபோய் ஆபரேஷனுக்குப் படுத்துவிட்டேன். என் மேல் கோபமா?

தங்கச்சி

ஏப்ரல் 6

அன்புத் தங்கச்சி,

உன் மேல் எனக்கென்ன கோபம்? எனக்கு நிஜமாகக் குறைந்தது நாலு கிலோதான். உடம்பில் கோர்த்த நீர் இறங்கத் தினம் ஒரு மாத்திரை கொடுத்தார்களே, அதைக் கடைசி மூன்று நாளும் நாலு நாலாக விழுங்கினேன். ஆறு கிலோ தண்ணீராகவே போயிற்று. கொழுப்பு அசையவில்லை. சிறுநீரகமும் இதயமும் அடி வாங்கியதுதான் மிச்சம்.

நீ முன்னால் போய்விடுவாய், நான் தனியாக நின்றுவிடுவேன் என்ற பயம். வேறொன்றுமில்லை. இந்த வயதில் இந்தப் புத்தி. நீ காத்திருக்காமல் போனதுதான் சரி.

அக்கா

செப்டம்பர் 18

அன்புள்ள அக்கா,

ஐந்து மாதமாக எழுதாததற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? முப்பத்தெட்டு கிலோ குறைந்துவிட்டது. மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறேன். எதை எழுதினாலும் உங்களிடம் பீற்றிக்கொள்வதுபோல் இருந்தது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

சட்டையெல்லாம் தொளதொளவென்று தொங்குகிறது. வேறு தையல்காரரிடம் கொடுக்க மனம் வரவில்லை. ஆறு அனுப்பியிருக்கிறேன், புது அளவு உள்ளே இருக்கிறது. உங்களுக்கு எப்போது தேதி கொடுத்தார்கள்?

தங்கச்சி

அக்டோபர் 2

அன்புத் தங்கச்சி,

பொய் சொல்ல மாட்டேன். உன் பொட்டலத்தை ஒரு வாரம் பிரிக்காமலே வைத்திருந்தேன். பொறாமைதான். பிறகு அளவைப் பார்த்தேன். தனியாக உட்கார்ந்து சிரித்தேன், கொஞ்சம் அழவும் செய்தேன். ஆறு சட்டையையும் பிடித்துத் தைத்து அனுப்பியிருக்கிறேன்.

எனக்குத் தேதி கிடையாது. என் இதயம் இனி மயக்க மருந்தைத் தாங்காதாம். மாத்திரையிலேயே ஓட்ட வேண்டியதுதான். இதற்காக வருத்தப்பட்டு எனக்கு எழுதிக்கொண்டிருக்காதே. தோன்றினால் எழுது.

யாருக்குப் பிடித்துக் கொடுத்தாலும் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைப்பேன். மறுபடி உடம்பு போட்டால் பிரித்துவிடலாம். இருபத்தாறு வருடத்தில் ஒருவருக்கும் அதை நான் வெட்டியதில்லை. உனக்கு வெட்டிவிட்டேன். நீ பழைய அளவுக்குத் திரும்பி வரவே கூடாது.

வெட்டிய துண்டுகளை எறியவில்லை. நான் பழகிய தங்கச்சி அந்த அளவில்தான் இருந்தாள்.

அக்கா