எதிலிருந்து எதற்கு

இன்று காலை அலுவலகத்துக்குப் புதிய சர்வர் வந்தது. பெட்டியைப் பிரித்ததும் அட்டையும் தெர்மாகோலும் கலந்த அந்த வாசனை முகத்தில் அடித்தது. கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கு அந்தப் பழைய நாள்தான் நினைவுக்கு வந்தது. இதை உன்னிடம் அல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நீ போய் இரண்டு வருடமாகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். நம் பனியன் கம்பெனியில் நீ பேக்கிங் பொறுப்பு, நான் கம்ப்யூட்டர் பொறுப்பு. தெற்கே நாசரேத் பக்கமிருந்து வந்து, கம்பெனிக்குப் பக்கத்தில் மண்ணரையில் ஒற்றை அறையில் இருந்தாய் நீ. நான் தினமும் ஊத்துக்குளியிலிருந்து ரயிலில் வந்துபோனேன். ஐந்து கம்ப்யூட்டர்களில் சிதறிக் கிடந்த ஆர்டர் விவரம், அளவுச் சார்ட், பேக்கிங் லிஸ்ட் எல்லாவற்றையும் ஒரே சர்வருக்குள் கொண்டுவரச் சொன்னார் முதலாளி. கோயமுத்தூரிலிருந்து ஒருவர் வந்து மூன்று நாள் உட்கார்ந்து ஏற்றினார். பழைய கம்ப்யூட்டர்களில் இருந்ததையெல்லாம் அழித்து, அவற்றை வேறு யூனிட்டுக்கு அனுப்பியாகிவிட்டது.

மிச்சமிருந்தது ஒரே வேலை. சர்வரில் இரண்டு டிஸ்க். ஒன்று கெட்டால் மற்றது காப்பாற்றும்படி, நிறைந்ததை வெறுமையானதில் அப்படியே பதிக்க வேண்டும். "நான் சாப்பிட்டு வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

நான் தொட்டேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முதலாளி எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதா அம்மிணி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசை வேறு. எதிலிருந்து எதற்கு என்று திரை கேட்டது. வெறும் எண்கள்தான் இருந்தன. மாற்றி அமுக்கிவிட்டேன். நிறைந்த டிஸ்க்கின் மேல் வெறுமை பதிந்து முடிந்தது.

காது அடைத்துவிட்டது. பக்கத்து அயர்னிங் பிரிவின் நீராவிச் சத்தம் எங்கோ தொலைவில் கேட்பதுபோல் இருந்தது. வேலை போனால், வந்து பார்த்துவிட்டுப் போயிருந்த மாப்பிள்ளைக்குத் தலையாட்டிவிட்டு வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

அப்போதுதான் பேக்கிங் லிஸ்ட் கேட்டு நீ வந்தாய். நாலு மணிக்குத் தூத்துக்குடிக்குக் கன்டெய்னர்.

"ஏளா, என்ன மொகம் வெளுத்துக் கெடக்கு?"

சொன்னேன். "ஏசப்பா" என்றாய், ஒரே ஒரு தடவை.

"கரன்ட்டு போயி அழிஞ்சிருச்சுன்னு சொல்லிரட்டுமா?" என்றேன்.

"நீயாச் சொன்னா அது வெறுங் கைத்தப்பு. அவராக் கண்டுபிடிச்சா அது களவு. எந்திரி."

முதலாளி அறைக்குள் நான் நுழைந்தபோது நீ கதவோரம் நின்றாய். விஷயத்தைக் கேட்டதும் அவர் பேனாவை மூடினார். "கோயமுத்தூர்க்காரரு பண்ணுன வேலையா இது?" ஆமாம் என்று ஒரு சொல் போதும், தப்பித்துவிடலாம். அந்தச் சொல் நுனிநாக்கு வரை வந்துவிட்டது என்பதை உன்னிடம்கூட நான் சொன்னதில்லை.

"இல்லீங்கண்ணா. அவரு தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனாருங்க. நாந்தான் மாத்தி அமுக்கிட்டனுங்க."

அவர் திட்டவில்லை. மேஜையை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"கார்ட்டன் மேலயெல்லாம் எழுதித்தான கெடக்கு?" என்று கேட்டபடி நீ உள்ளே வந்தாய். "நான் வாசிக்கேன் சார், இவ அடிக்கட்டும்."

கன்டெய்னர்காரரிடம் இரண்டு மணி நேரம் கெஞ்சி வாங்கினார் முதலாளி. அடுக்கிய பெட்டிகள் மேல் ஏறி நின்று நிறம், சைஸ், எண்ணிக்கை என்று நீ கத்தினாய். நான் கீழே உட்கார்ந்து அடித்தேன். பிறகு தையல் மேஜைகளில் ஒட்டியிருந்த அளவுச் சார்ட்டுகளை, எண்ணெய்க் கறையோடு, கிழியாமல் உரித்துக்கொண்டு வந்தாய். கன்டெய்னர் ஆறு மணிக்குக் கிளம்பியது. பழைய ஆர்டர்களின் விவரங்கள் மட்டும் திரும்பவே இல்லை.

கிளம்பும்போது முதலாளி சொன்னார்: "நாளைக்கு நேரத்துல வந்துரு அம்மிணி. அவரு பக்கத்துல உக்காந்து ஒழுங்காக் கத்துக்க." ஸ்டேஷன் வரைக்கும் நீயும் கூட வந்தாய். நான் அழுதுகொண்டே நடந்தேன்.

பிறகு நீ ஊருக்குத் திரும்பிவிட்டாய். பல வருடம் கழித்து, மார்பில் கட்டி என்று தெரிந்த வாரம் போனில் கூப்பிட்டாய். "பயமா இருக்குளா" என்றாய். நீயா பயப்படுகிறாய் என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் சிரித்தாய். "அன்னைக்கு மட்டும் பயமில்லன்னா நெனச்ச? எனக்குங் கை நடுங்கிச்சு. கீழ நின்னா நீ பாத்துருவன்னுதான் பெட்டி மேல ஏறிட்டேன்."



இப்போது எட்டுப் பேர் என்கீழ் வேலை செய்கிறார்கள். யாராவது முகம் வெளுத்து என் முன்னால் வந்து நிற்கும் நாள் அவ்வப்போது வருகிறது. வரும்போது நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க, சொல்லுங்க" என்கிறேன். குரல் நிதானமாகத்தான் வருகிறது. கைகளை மட்டும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன்.